மரக்கட்டை அச்சில் புதிதாக முயன்று பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலகையில் படத்தைச் செதுக்கி, மேடாக நிற்கும் இடங்களில் நிறம் தடவி, தாளை வைத்துத் தேய்த்து எடுப்பது மரக்கட்டை அச்சு. துணிக்கு அடிக்கும் அச்சுக்கட்டையைப் பற்றி இங்கே பேசவில்லை. தாளில் எடுக்கும் படத்தைப் பற்றித்தான். வகுப்பில் இரண்டு நாள் கற்றுக்கொண்டு ஊருக்குப் போனவர்கள், அங்கே பார்த்த பலகையும் தாளும் பசையும் உள்ளூரில் கிடைக்காமல் தடுமாறி என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பொருள் கிடைக்கவில்லை என்று நிறுத்திவிட வேண்டாம். கிடைக்கிற பொருள் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

வீட்டில் தேக்குப் பலகை கிடக்கிறது. அதிலேயே செதுக்கலாமா?

தேக்கு கதவுக்கும் நிலைக்கும் அருமையான மரம், ஆனால் இந்த வேலைக்கு அவ்வளவாக ஒத்துவராது. மரத்திலேயே எண்ணெய்ப் பசை இருப்பதால் நீரில் கரைத்த நிறம் பரவாமல் திரண்டு நிற்கும். உள்ளே சிலிக்கா இருப்பதால் உளி முனையும் சீக்கிரம் மழுங்கும்.

மரக்கடையில் குமிழ் கேட்டுப் பாருங்கள். எடை குறைவு, நார் சீரானது, உளிக்கு நன்றாக இணங்கும். மாம்பலகை மலிவுதான். ஆனால் நார் திசை மாறி மாறி ஓடும் துண்டு கையில் வந்தால் உளி எதிர்பாராத பக்கம் பிய்த்துக்கொண்டு போகும். பிளைவுட்டில் மேல் அடுக்கு எவ்வளவு தடிமன் என்று விளிம்பைப் பார்த்து வாங்குங்கள். காகிதம்போல இருந்தால் கோட்டோரம் சில்லுச் சில்லாகப் பெயரும். மரத்தூளைப் பிசினோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் நார் ஓடும் திசையே கிடையாது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி செதுக்கலாம், எண்ணெய் மைக்குப் பரவாயில்லை. தண்ணீர் பட்டால் மட்டும் ஊறி உப்பிவிடும். அதன் தூள் மூச்சுக்கு நல்லதல்ல, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஜப்பானியர்கள் மலைச் செர்ரியைத் தேர்ந்தெடுத்தது காரணத்தோடுதான். முடி அளவு மெல்லிய கோடும் அதில் உடையாமல் நிற்கும், ஏராளமான படிகள் (பிரதிகள்) எடுத்தாலும் தேயாது. உங்களுக்கு இருபது படி போதும் என்றால் அவ்வளவு கெட்டி மரம் தேவையில்லை. கடையில் துண்டு மரத்தை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். லேசாகத் தடம் விழ வேண்டும், ஆனால் குழியக் கூடாது. நான் இன்றும் அப்படிப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

சோதனை என்றால் எதிலிருந்து தொடங்குவது?

உள்ளங்கை அளவுப் பலகை ஒன்று எடுங்கள். பாதியை அப்படியே விடுங்கள், மீதிப் பாதியில் தடித்த கோடு, மெல்லிய கோடு, புள்ளி என்று செதுக்குங்கள். இதுதான் உங்கள் சோதனைக் கட்டை. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். தாளை மாற்றினால் நிறத்தோடு கலக்கும் பசை, நிறம், அழுத்தம் மூன்றும் பழையபடியே இருக்கட்டும். ஒவ்வொரு படியின் பின்புறத்திலும் பென்சிலால் எழுதிவிடுங்கள்: என்ன தாள், எவ்வளவு ஈரம், எத்தனை சொட்டுப் பசை, வெயிலா மழையா.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. ஒருமுறை எனக்கு மழை மேகத்தின் சாம்பல் நீலம் அப்படியே அமைந்தது. எதையும் குறித்து வைக்கவில்லை. அதன்பின் பல மாதம் முயன்றும் அந்த நிறம் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த ஒற்றைப் படியை இப்போதும் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மரத்தின் ரேகை படத்தில் தெரிய வேண்டும். என்ன செய்வது?

முதலில் ரேகை அழுத்தமாக உள்ள மரம் வேண்டும். குளிர்நாட்டு ஊசியிலை மரங்கள் வசந்தத்தில் வேகமாகவும் கோடை முடிவில் மெதுவாகவும் வளர்கின்றன. அதனால் மென்மையான பட்டையும் கெட்டியான பட்டையும் மாறி மாறி இருக்கும். நம் பக்கத்து மரங்கள் பலவற்றில் இந்த வேறுபாடு மங்கல்தான். ஆகவே இயந்திரங்கள் வந்திறங்கும் பைன் பெட்டிப் பலகையைத் தேடுங்கள். பழைய சாமான் கடையில் கிடைக்கும்.

பலகையை ஈரத் துணியால் துடைத்து, கம்பி பிரஷ்ஷால் நார் ஓடும் திசையிலேயே அழுத்தித் தேயுங்கள். மென்மையான பட்டை கரைந்து கெட்டிப் பட்டை மேடாக நிற்கும். இன்னும் ஆழம் வேண்டுமென்றால் மேற்பரப்பைத் தீக்கொழுந்தில் காட்டிக் கருக்கி, ஆறிய பிறகு தேயுங்கள். மென்மையான பகுதிதான் முதலில் கருகி உதிரும். இதை வெட்டவெளியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு செய்யுங்கள்.

நிறத்தை மெல்லியதாகத் தடவ வேண்டும். கனமாகத் தடவினால் பள்ளங்களும் நிறைந்து ரேகை மறைந்துவிடும்.

நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க் 1902-இல் எடுத்த ‘முத்தம்’ என்ற அச்சைப் பாருங்கள். தழுவி நிற்கும் இருவரைச் சுற்றி வேறு காட்சியே கிடையாது, மேலிருந்து கீழ்வரை ரேகை மட்டும். செதுக்காமல் விட்ட பலகைதான் அங்கே காற்றாகவும் இருட்டாகவும் நிற்கிறது. ஜப்பானிய அச்சோவியர் ஷிகோ முனகதா இன்னும் ஒரு படி போனார். அச்சோவியத்துக்கான ஜப்பானியச் சொல்லில் ‘அச்சு’ என்ற எழுத்தை எடுத்துவிட்டு, அதே ஒலியுள்ள ‘பலகை’ என்ற எழுத்தைப் போட்டு எழுதினார். படத்தில் பாதி மரத்துக்குச் சொந்தம் என்பது அவர் எண்ணம். 1956-இல் வெனிஸ் பியன்னாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் அச்சுக்கலைக்கான பெரும் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஒரே பலகையில் பல நிறம் எடுக்க வழி இருக்கிறதா?

மூன்று வழிகள் சொல்கிறேன். மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குணம் உடையவை.

முங்க் கண்ட வழி, பலகையையே அறுத்துவிடுவது. வானம், தரை, ஆள் என்று மெல்லிய ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறம் தடவி, மறுபடி சேர்த்து வைத்து ஒரே தடவையில் படி எடுத்தார். துண்டுகளுக்கு நடுவே ரம்பம் போன இடம் வெள்ளைக் கோடாக விழும். 1973-இல் அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலர் தன் முதல் மரக்கட்டை அச்சையும் ஜிக்சா என்ற சிறிய ரம்பத்தால் பலகையை அறுத்துத்தான் செய்தார். ஆசாரிக் கடைக்குப் போனால் ஜிக்சா இருக்கும், வரைந்த கோட்டில் அறுத்துத் தரச் சொல்லலாம்.

இரண்டாவது, குறைத்துக்கொண்டே போவது. வெளிர் நிறத்தில் எல்லாப் படிகளையும் எடுத்துவிட்டு, அதே பலகையில் இன்னும் கொஞ்சம் செதுக்கி அடுத்த நிறம், அப்புறம் இன்னும் செதுக்கி அடர்ந்த நிறம். திரும்பிப் போக வழியில்லை. பிக்காசோ 1950-களின் கடைசியில் லினோலியம் என்ற தரைவிரிப்புப் பொருளில் இதை நிறையச் செய்தார், மரத்திலும் ஆகும். பத்துப் படி வேண்டுமென்றால் பதினைந்தில் தொடங்குங்கள், நடுவில் சில கெட்டே தீரும்.

மூன்றாவதுதான் எனக்கு மிக நெருக்கமானது. 1915 வாக்கில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் பிராவின்ஸ்டவுன் என்ற ஊரில் கூடிய ஓவியர்கள் ‘வெள்ளைக்கோட்டு’ முறை ஒன்றை வளர்த்தார்கள். நிறத்துக்கு ஒரு பலகை என்று மாற்றிப் பொருத்தும் தொல்லை அதில் இல்லை. படத்தின் ஒவ்வொரு வடிவத்தையும் சுற்றி வி-வடிவப் பள்ளம் மட்டும் வெட்டுவார்கள். தாளை ஒரு விளிம்பில் பலகையோடு குண்டூசியால் குத்திவிடுவார்கள், புத்தகத்தின் பக்கம்போல் திறந்து மூடலாம். அப்புறம் ஒரு வடிவத்துக்கு நீர்வண்ணம் தீட்டி, தாளை மூடி, அந்த இடத்தை மட்டும் கரண்டியின் முதுகால் தேய்ப்பது. திறந்து பார்த்து அடுத்த வடிவம். அவர்களில் ஒருவரான பிளான்ச் லாசெல் இதைப் பல பத்தாண்டுகள் செய்தார். அழுத்தும் இயந்திரம் வேண்டாம், உருளை வேண்டாம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு பிற்பகல் முழுக்கச் செய்யலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

பல பலகைகள் வைத்தால் நிறங்கள் விலகிப் போகின்றன. எப்படிப் பொருத்துவது?

அச்சகத்தில் ‘ரிஜிஸ்டர் விலகுது’ என்பார்களே, அதே பிரச்சினைதான். ஜப்பானியர்களின் கென்டோ முறையைவிட எளிய தீர்வை நான் பார்க்கவில்லை. பலகையின் ஒரு மூலையில் ‘ட’ போன்ற பள்ளம், அதே விளிம்பில் சற்றுத் தள்ளி நேர்கோட்டுப் பள்ளம் ஒன்று. தாளின் மூலை முதலாவதில் உட்காரும், விளிம்பு இரண்டாவதில் முட்டி நிற்கும். எல்லாப் பலகையிலும் ஒரே இடத்தில் வெட்டிவிட்டால் முடிந்தது. பள்ளம் தாளின் தடிமனுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும். இதற்குப் பிறகும் விலகினால் தாளின் ஈரம் மாறிவிட்டது என்று பொருள். காயும்போது தாள் சுருங்கும்.

ஜப்பானிய அரிசிப் பசைக்குப் பதிலாக மைதாப் பசை சரிவருமா?

நீர்வண்ண முறையில் பசை தாளை ஒட்டுவதற்கு அல்ல. பலகையில் கொஞ்சம் நிறமும் ஒரு சொட்டுப் பசையும் விட்டுப் பிரஷ்ஷால் சேர்த்துப் பரப்பினால், நிறம் திட்டுத்திட்டாக இல்லாமல் ஒரே சீராக விழும். அவ்வளவுதான் அதன் வேலை.

மைதா ஆகும், ஆனால் இழுவை அதிகம், பிரஷ்ஷில் நூல் நூலாக வரும். பைண்டிங் கடையில் காய்ச்சி வைத்த பசையை வாங்கிவிடாதீர்கள். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போட்டிருப்பார்கள், அது நஞ்சு, நிறத்தையும் மாற்றலாம். பச்சரிசி மாவு ஒரு கரண்டி, தண்ணீர் ஐந்து கரண்டி. கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். வெண்மை போய்க் கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி, துணியில் வடிகட்டி ஆறவிடுங்கள். குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள்.

இப்போது சோதனைக்கு வருவோம். பசையைக் கூட்டினால் நிறம் தட்டையாக, அடர்த்தியாக வரும். ரொம்பக் கூடினால் பளபளப்பு ஏறித் தாள் பலகையோடு ஒட்டிக் கிழியும். பசையை அறவே விட்டு, லேசாகத் தேய்த்தால் எள் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக விழும். புதியவர்கள் இதைப் பிழை என்று நினைக்கிறார்கள். ஜப்பானில் இதற்கு கோமாசூரி என்றே பெயர். கோமா என்றால் எள். மணல், பழைய சுவர், பனி விழும் காலை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஒரே கட்டையில் பசை இல்லாமல், ஒரு சொட்டு, மூன்று சொட்டு என்று மூன்று படி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மஞ்சள்தூள், செம்மண் போன்றவற்றை நிறமாகப் பயன்படுத்தலாமா?

செம்மண், காவிக்கல் தாராளமாக. அவை கனிமம், வெயிலில் வெளுக்காது. தண்ணீரில் கலக்கி, கனமான மணல் அடியில் தங்கியதும் மேலே உள்ள கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றிப் படிய விடுங்கள். இப்படி மூன்று நான்கு தடவை செய்தால் பட்டுப்போன்ற வண்டல் கிடைக்கும். விளக்குக் கரியும் நல்ல கறுப்பு. ஆனால் தண்ணீரில் மிதக்கும். கொஞ்சம் பசையோடு குழைத்து அரைத்தால்தான் சேரும்.

மஞ்சள் கூடாது. எடுத்த அன்று கண்ணைப் பறிக்கும், வெளிச்சம் படும் சுவரில் மாட்டினால் சீக்கிரமே வெளிறிவிடும். குறிப்பேட்டுக்குள் வைக்கும் சோதனைப் படி என்றால் சரி.

புது நிறம் வந்து ஒரு கலையையே மாற்றியதும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் செயற்கையாகச் செய்யப்பட்ட பிரஷ்யன் நீலம் ஜப்பானுக்குக் கப்பலேறி, 1830-களில் அச்சுக் கடைகளில் புழங்கத் தொடங்கியது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ‘பேரலை’ என்ற அச்சில் நாம் பார்க்கும் ஆழமான நீலம் அதுதான்.

எச்சரிக்கை ஒன்று: ஷெல்லாக் (அரக்குப் பிசின்) கலந்த இந்தியன் இங்க் வேண்டாம். காய்ந்தால் பிரஷ் கட்டையாகிவிடும்.

எந்தத் தாள்? நனைக்கத்தான் வேண்டுமா?

எண்ணெய் மை என்றால் காய்ந்த தாளே போதும். நீர்வண்ணத்துக்கு ஈரம் கட்டாயம். காய்ந்த தாள் பலகையிலிருந்து நிறத்தை முழுதாக இழுக்காது.

நீண்ட நார் உள்ள தாள் மெல்லியதாக இருந்தாலும் தேய்ப்பைத் தாங்கும். ஜப்பானின் கோசோ, நேபாளத்தின் லோக்தா இரண்டும் அப்படி. புதுச்சேரி ஆசிரமத்தின் கைத்தாள் போன்றவை பருத்தியில் செய்தவை. நார் குட்டை, தாள் தடிமன். மென்மையான புடைப்பு வேண்டுமென்றால் இவை அழகு, ஆனால் பல நிறம் தேய்த்தால் மேற்பரப்பு மாவுபோல் உரியும். உரிந்தால் ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து, ஒரு சிட்டிகை படிகாரம் சேர்த்து, அகல பிரஷ்ஷால் ஒரு பூச்சுப் பூசிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். படிகாரம் கூடினால் தாள் காலப்போக்கில் நொறுங்கும், அளவோடு நிறுத்துங்கள்.

ஈரப்படுத்துவது இப்படி: அச்சடிக்காத செய்தித்தாளை நனைத்து, இரண்டு தாளுக்கு ஒன்றாக இடையில் வைத்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மேலே பலகை பாரம் வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாள் கன்னத்தில் குளிர்ச்சியாகப் பட வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. நம் ஊர்ச் சூட்டில் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். வேலை நடுவில் நின்றால் உறையோடு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

கோடையில் நிறம் பலகையிலேயே காய்ந்துவிடுகிறதே?

மின்விசிறியை நிறுத்துங்கள். விடியற்காலையில் வேலையைத் தொடங்குங்கள். நிறத்தில் ஒரு சொட்டு கிளிசரின் சேருங்கள். தொடங்குமுன் பலகையை ஈரத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள், வறண்ட மரம் முதல் இரண்டு மூன்று படியின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

தேய்க்க பாரென் இல்லை. கரண்டி போதுமா?

பாரென் என்பது மூங்கில் பாளையின் நாரை முறுக்கிச் சுருளாகச் சுற்றி, மேலே மூங்கில் பாளை போர்த்திய வட்டமான தேய்ப்பான். நல்லதின் விலை அதிகம். மரக்கரண்டியின் முதுகு கோடுகளுக்கு நன்றாகவே வேலை செய்யும். அகலமான நிறப்பரப்புக்குக் கரண்டி போதாது, கோடு கோடாக வரும். அந்தக் கோடுகளையே வேண்டுமென்று வரவழைப்பவர்களும் உண்டு. நிறம் பரப்ப ஷூ பாலிஷ் பிரஷ் (புதியது) நல்ல மாற்று.

நிறமே இல்லாமல் அச்சு எடுக்கலாம் என்கிறார்களே?

ஆமாம். பலகையில் எதையும் தடவாமல், ஈரமான தடித்த தாளை வைத்துப் பள்ளங்களுக்குள் அழுத்தினால் வெறும் புடைப்பு மட்டும் விழும். பழைய ஜப்பானிய அச்சுகளில் பறவையின் இறகும் வெள்ளை ஆடையின் நெசவும் இப்படி வந்தவை. நேராகப் பார்த்தால் தெரியாது, பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுந்து வரும். இன்னொன்றும் உண்டு. அச்சாகிக் காய்ந்த படியை முகம் மேலே தெரியும்படி, வேறு கோலம் செதுக்கிய கட்டையின் மேல் வைத்து, வழவழப்பான பொருளால் தேய்த்தால் கறுப்புக்குள் கறுப்பாகக் கோலம் மின்னும். அங்கே காட்டுப்பன்றிக் கொம்பால் தேய்த்தார்கள். வழவழப்பான கூழாங்கல்லே போதும்.

உளி இல்லாமல் வேறு எதனால் பலகையில் தடம் போடலாம்?

உப்புத்தாள், ஊசி, ஆணி முனை, சங்கிலி, திருகாணி எல்லாம். பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் 1893-94-இல் எடுத்த பத்து அச்சுகளில் உளி வெட்டோடு ஊசிக் கீறலும் உப்புத்தாள் தேய்ப்பும் கலந்து, இருட்டிலிருந்து உருவங்கள் மங்கலாகப் பிறக்கின்றன.

ஒன்றைக் கவனியுங்கள். ஆணித் தலையால் அடித்த பள்ளத்தில் மரம் போய்விடுவதில்லை, அமுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் பட்டால் நார் உப்பிப் பள்ளம் மேலே எழும்பிவிடும். ஆகவே அடித்த தடங்களுக்கு எண்ணெய் மை, செதுக்கிய தடங்களுக்கு எதுவும் ஆகும். எண்ணெய் மையைத் துடைக்க மண்ணெண்ணெய் தேவையில்லை. சமையல் எண்ணெய் விட்டுத் துணியால் துடைத்து, அப்புறம் சோப்பு நீரால் துடைத்தால் போதும்.

உளி பிடிக்கும்போது மறு கை எப்போதும் முனைக்குப் பின்னாலேயே இருக்கட்டும். என் இடது கட்டைவிரலில் மூன்று தையல் போட்ட தழும்பு இருக்கிறது, மழுங்கிய உளியை அழுத்தித் தள்ளியதால் வந்தது. அடிக்கடி சாணை பிடியுங்கள்.

தமிழ் எழுத்தைச் செதுக்குவது எப்படி?

கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பித்தான். மெல்லிய தாளில் நேராக எழுதி, முகம் கீழே இருக்கும்படி பலகையில் ஒட்டி, காய்ந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் எழுத்து திருப்பமாகத் தெரியும். அப்படியே செதுக்கலாம். ண, ன, ழ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் வெள்ளையை முதலில் எடுங்கள். வெளிப்பக்கத்தை முதலில் வெட்டினால், ஆதாரமில்லாத மெல்லிய வளைவு உள்ளே வெட்டும்போது உடையும். நாருக்குக் குறுக்கே போகும் இடங்களில் கோடு சற்றுத் தடிமனாகவே இருக்கட்டும்.

ஒவ்வொரு படியும் வேறு மாதிரி வந்தால் 1/20 என்று எண் போடலாமா?

1/20 என்றால் இருபதில் முதல் படி. அந்த எண் எல்லாப் படியும் ஒன்றுபோல் இருக்கும் என்ற வாக்குறுதி. வேண்டுமென்றே மாற்றியிருந்தால் எண்ணுக்கு முன்னால் ‘ஈ.வி.’ என்று எழுதுவது வழக்கம், மாறுபடும் தொகுதி என்று பொருள். சோதனைப் படிகளுக்கு எண்ணே போடாதீர்கள்.

செதுக்கும்போது ஒரு இடம் பெயர்ந்துவிட்டது. பலகையை எறிந்துவிட வேண்டியதுதானா?

வேண்டாம். பெயர்ந்த சில்லு கையில் இருந்தால் மரப்பசை வைத்து உடனே ஒட்டுங்கள். தொலைந்துவிட்டால், அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, அதே மரத்துண்டை நார் திசை மாறாமல் இறுக்கமாகப் பதித்து, மட்டமாக இழைத்து மறுபடி செதுக்குங்கள். ஜப்பானியச் செதுக்குத் தொழிலாளர்கள் தவறைத் திருத்தவும் படத்தை மாற்றவும் இப்படித்தான் துண்டு பதித்தார்கள். எண்ணெய் மையில் மெல்லிய வெடிப்புக்கு மரப்பொடியும் பசையும் குழைத்த மக்கே போதும். நீர்வண்ணத்தில் அந்த மக்கு நிறத்தை வேறு மாதிரி உறிஞ்சி, படத்தில் திட்டாகத் தெரியும்.